விடை பூஜ்யம்

— உள்ள வா ஆர்வின். கோட்டு கூடப் போடாம இந்தக் குளிர்ல குப்பைத்தொட்டி பக்கத்துல நிக்கிறே. மினியாபொலிஸ் ஜனவரின்னா விளையாட்டா?

— லொரேன்? நீயா? நீ வர்றதா யாரும் சொல்லலையே.

— கணக்கு மாநாடு, நான் வராம? அரங்கம் நிறைஞ்சு கிடக்கு, எல்லாம் உன் பேச்சைக் கேக்க. முன்வரிசையில உங்கம்மா. டுலூத்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்காங்க. டப்பா நிறைய எலுமிச்சை பார்ஸ், அவங்களே சுட்ட இனிப்புத் துண்டு, யார் என்னன்னு பார்க்காம நீட்டுறாங்க.

— ஐயோ, அம்மா.

— "என் பையன் என்னத்தைக் கண்டுபிடிச்சான், எனக்குப் புரியுற மாதிரி சொல்லு"ன்னு கேட்டாங்க. நூறு பேருக்கு நூறு வேலையை எத்தனை விதமாப் பிரிச்சுக் கொடுக்கலாம்னு எண்ணுற மாதிரி ஒரு கணக்கு, உலகத்துல உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் ஆயுசு பத்தாது, உங்க பையன் மதியச் சாப்பாட்டுக்குள்ள கிட்டத்தட்ட விடை சொல்ற வழி கண்டிருக்கான்னேன்.

— அது தப்பு, லொரேன்.

— எது?

— அந்த வழியே தப்பு. காலையில ஹோட்டல்ல சும்மா, பிளஸ் எண்ணும் மைனஸ் எண்ணும் கலந்த ஒரு குட்டி எண் அணியை எடுத்துக் கையால போட்டுப் பார்த்தேன். கூட்டலும் கழித்தலும் ஒன்னையொன்னு தின்னுட்டு, மிச்சம் பூஜ்யம். என் வழி பதினேழுங்குது.

— எந்தப் படியில உடையுது?

— நாலாவது.

— ம்.

— சும்மா "ம்"ங்காதே. திட்டு. போன ஏப்ரல்ல நம்ம ஆய்வுக்குழு கூட்டத்துல இதே படியில விரலை வச்சு, "இது தாங்காது"ன்னு சொன்னவ நீதானே.

— நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— சொல்லு.

— பயந்தாங்கொள்ளிகளை வச்சுக்கிட்டு வேகமா ஓட முடியாதுன்னேன்.

— எல்லார் முன்னாடியும். அப்புறம் கட்டுரை அச்சுல வந்துச்சு. முதல் பாதி வரிக்கு வரி நான் எழுதினது. பேரைத் தேடினேன். நன்றி சொல்ற இடத்துல கூட இல்ல.

— உன் முகத்தைப் பார்க்க முடியல.

— பார்க்காதே. பூட்ஸைப் பார்த்துக்கிட்டே பேசு. இப்ப என்ன பண்ணப்போறே?

— இப்படியே டாக்ஸி பிடிச்சு ஏர்போர்ட். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுறேன்.

— நாளைக்கு யாரோ ஒருத்தி உன் வழியை நம்பி, அது மேலயே தன் ஆராய்ச்சியைக் கட்டுவா. அவகிட்டயும் உடம்பு சரியில்லைன்னு சொல்லுவியா?

— அம்மா உக்காந்திருக்காங்கடி! அவங்க முன்னாடி எப்படி...

— நான் மட்டும் அத்தனை பேர் முன்னாடி உக்காந்திருக்கலையா அன்னைக்கு?

— நீ வேடிக்கை பார்க்கத்தானே வந்தே? நியாயம்தான். பாரு, நல்லாப் பாரு.

— ஆமா, அதுக்குத்தான் வந்தேன். அந்த மாதிரி ஒரு அணி எனக்கு அக்டோபர்லயே கிடைச்சுது. உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதல. கேள்வி நேரத்துல எழுந்திரிச்சு, எல்லாரும் கேக்க, உங்கம்மாவும் கேக்க, உன்னை நார் நாராக் கிழிக்கணும்னு பொத்தி வச்சிருந்தேன்.

— அக்டோபர்லயா?

— தினமும் குளிச்சுட்டு வந்து கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்த்தேன். எனக்கே இப்பக் கூசுது. உனக்கு மட்டும்தான் வெக்கம்னு நினைக்காதே.

— நான் பண்ணினதுக்கு இது எந்த மூலைக்கு? சரி, வா. மேடையில கட்டுரை வாபஸ்னு சொல்லிடுறேன். நீதான் முதல்லயே கண்டுபிடிச்சே, நான் கேக்கலைன்னும் சொல்றேன்.

— வேண்டாம்.

— ஏன்? அந்தப் பேராவது உனக்குச் சேரட்டும், லொரேன்.

— உங்கம்மா கையில பார்ஸைக் கொடுத்துட்டு, "என் பையன் சொல்லியிருக்கான், நீதானே அவனோட சேர்ந்து எழுதின பொண்ணு"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். அதனால மேடையில ஏறி, ரெண்டு பேரும் எழுதினோம், ரெண்டு பேரும் தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லு.