கருநாரை இறங்கிய படிகள்

இந்த மாலையைத் தன் தலைமையால் தலைநிமிர வைத்திருக்கும் தலைவர் அவர்களே! "இந்தப் பெண்ணுக்கும் சண்டைக் கதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! பாடப்புத்தகத்துக்குள் பிள்ளை ஒளித்துவைத்த கதைப்புத்தகத்தைப் பறித்து, அடுப்படியில் நின்றே அதைப் படித்து முடித்த தாய்மார்களே! சிரிப்பது யாரென்று இங்கிருந்தே தெரிகிறது, அம்மா! வாடகை நூலகத்தின் வாசகத் தோழர்களே! உங்கள் அனைவர் முன்னும் என் கரங்கள் குவிகின்றன.

பழைய அடிதடி நாவல்களைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தீர்கள்? நான் இயன்முறை மருத்துவர். முடங்கிய கை கால்களுக்குப் பயிற்சி தருபவள். கதையின் நாயகன் ஒரே பாய்ச்சலில் பத்துப் பேரைச் சாய்க்கிறான். என்னிடம் வருபவரோ ஒற்றை விரலை அசைக்க ஒரு மாதம் போராடுகிறார்.

ஆனாலும் அந்தப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள்! மலிவுத் தாள், மங்கிய மை, அட்டையில் ஆகாயத்தில் பறக்கிற ஒருவன், அவன் காலடியில் கவிழ்ந்து கிடக்கிற கூட்டம்! பண்டிதர் மதித்தாரா? இல்லை. பள்ளிக்கூடம் சேர்த்ததா? இல்லை. வீட்டிலாவது இடம் கிடைத்ததா? கிடைத்தது, மெத்தைக்குக் கீழே! அப்படி மெத்தைக்குக் கீழே கிடந்த ஒன்று, மெத்தைமேல் கிடந்த ஒரு மனிதரை என்ன செய்தது என்பதை என் கண்ணால் கண்டேன். அந்த வியப்பு இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

அவர் ஒரு லிப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கி வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. குடியிருந்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது! ஆமாம் ஐயா, ஊருக்கெல்லாம் லிப்டை ஓடவைத்தவருக்குத் தன் வீட்டில் லிப்ட் இல்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் காலைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்வார். இப்படியே கிடந்தால் தசை இறுகிவிடும், பிறகு எழுவதே கடினம் என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

மனைவி கணக்கு டீச்சர். கட்டிலுக்குக் கீழிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். அத்தனையும் 'கருநாரை' என்ற மாவீரனின் சாகச நாவல்கள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இந்தக் குப்பையத்தான் சேத்து வெச்சிருக்காரு. படிச்சுக் காட்டவா?"

"காட்டுங்கம்மா. காதுலயாவது விழட்டும்."

படித்தார். எப்படி? வாய்ப்பாடு ஒப்பிப்பது போல! "பாய்ந்தான். தடுத்தான். சுழன்றான். விழுந்தான். எழுந்தான்." சில நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நாலு பக்கத்துக்கு ஒரே சண்டை. கடைசில இவன்தான் ஜெயிச்சானாம். அடுத்த அத்தியாயம்..."

கட்டிலிலிருந்து ஒரு முழக்கம்: "அடி!"

வாரக்கணக்கில் மூடிக்கிடந்த வாயிலிருந்து முதல் சொல்!

"யாரைங்க அடிக்கணும்?" என்று பதறினார் டீச்சர். அடியெடுத்து வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் கைத்தாங்கியைக் கொண்டுவர ஓடினேன். அவரோ கோபமாகத் தலையை ஆட்டினார். இடது விரலால் புத்தகத்தைக் குத்தினார். டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, அடிதடிய விட்டுட்டேனாம்! மறுபடி படிக்கணுமாம்!" என்று சிரித்தார். சிரித்தபடியே அழுதார்.

அடி! என்ன சொல், ஐயா, அது! ஓங்கினால் அடி, ஊன்றினால் அடி, பாட்டில் வந்தாலும் அடி, மரம் மண்ணைப் பற்றும் இடமும் அடி!

அன்று முதல் அந்தக் கதைகளை நானும் கவனித்துக் கேட்டேன். ஒரு சொல்லே ஒரு வாக்கியம். பேச்சிழந்த நாக்குக்கு இதைவிட இதமான படிக்கட்டு உண்டா? நாயகன் முதலிலேயே தோற்கிறான். பிறகு பாதிப் புத்தகம் வரை பயிற்சி! தண்ணீர் சுமக்கிறான், ஒற்றைக்காலில் நிற்கிறான், விரலால் மணலைக் குத்துகிறான். எனக்காக ஒரு விரலைக்கூட அசைக்காதவர் கருநாரைக்காக அசைத்தார். அவன் நின்றபோது நின்றார். அவன் நடந்தபோது சுவரைப் பிடித்து நடந்தார்.

ஒரு காலையில் கதவைக் காட்டி, "கீழ" என்றார்.

புறப்பட்டோம். முன்னால் நான். இடது கை கைப்பிடியில், நடுவே அவர். பின்னால் டீச்சர். ஒரு கை கணவரின் இடுப்பு வாரில், மறுகையில் புத்தகம். "கருநாரை கோட்டையிலிருந்து இறங்கினான்..." ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி. கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுத் தையல்காரர் பல்லில் நூலோடு வந்து நின்றார். இரண்டாம் மாடி அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார்.

"அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?"

"இருங்க, மனுசன் மூச்சு விடட்டும்!"

முதல் மாடித் திருப்பத்தில் கால் நடுங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "முடியல" என்றார். முகத்தை இடது கையால் மூடிக்கொண்டார். திரும்பத் தூக்கிச் செல்ல ஆள் கூப்பிடலாமா என்று நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தொடர்ந்தார்:

"கருநாரை படியில் உட்கார்ந்தான். களைத்திருந்தான். கீழே பகைவர் கூட்டம் காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்றான்."

கணவர் மெல்லத் தலைநிமிர்ந்தார். அந்த நாவல்கள் அவருக்கு மனப்பாடம்.

"அது... இல்ல."

"எது இல்ல?"

"புத்தகத்துல... இல்ல."

டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"இப்ப இருக்கு."

தோழர்களே! அவர் சிரித்தார். பாதி முகம்தான் அசைந்தது, ஆனால் முழு மனிதரும் சிரித்தார்! இடது கையை ஊன்றினார், எழுந்தார். வாழ்நாளில் ஒரு கதை எழுதாத அந்தக் கணக்கு டீச்சர், மூடிய புத்தகத்தைப் பிடித்தபடி, கடைசிப் படிவரை கருநாரையைத் தானே நடத்திச் சென்றார். தெருவில் வெயில். ஒரு பேருந்து புழுதி கிளப்பிப் போனது. அந்தப் புழுதிக்குள் அவர் நின்றார், தன் காலில்!

வலது கை முழுதாகத் திரும்பவில்லை. அவர் மீண்டும் கம்பியில் தொங்கப் போவதில்லை. பேச்சு நிதானமாகத்தான் வருகிறது. ஆனால் தினமும் இறங்கிப் போய்ப் பத்திரிகை வாங்கி வருகிறார். புதிதாகக் கிடைத்த கருநாரையை யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டை நடக்கிறதாம்!

இந்தக் கதைகளின் கவர்ச்சி எங்கே இருக்கிறது? முஷ்டியிலா? மூங்கில் கழியிலா? ஆகாயப் பாய்ச்சலிலா? நான் சொல்கிறேன். "விழுந்தான்" என்று ஒரு வரி. அதன்பின் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தாண்டினால் "எழுந்தான்"! அச்சகம் அவசரப்படுத்த, பெயர் தெரியாத ஒருவர் வேகவேகமாக எழுதிப்போட்ட சொல் அது. எங்கோ, என்றோ, யாரோ ஒருவரின் மரத்துப்போன கால் அதைக் கேட்டுவிடுகிறது. அதன்முன் வியந்து நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தலைவர் மணியடிக்கக் கையை நீட்டிவிட்டார். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், அந்தப் பெயரறியா எழுத்தாளர்களின் ஓயாத விரல்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. நலமாக வாழுங்கள், நிறையப் படியுங்கள். வணங்கி விடைபெறுகிறேன்!