ஆபரேஷனுக்குப் பிறகு தெளிந்த ஏரி

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக் கறுப்புக் கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

“கண் ஆபரேஷன் பண்ணினதும் அணை ஏரி தெளிஞ்சிடுச்சு மேடம்.”

“என்ன சார் சொல்றீங்க?”

“தண்ணி எவ்வளவு தெளிவுன்னு அளக்க, வெள்ளைத் தட்டைக் கயித்துல கட்டித் தண்ணிக்குள்ள இறக்கி, எந்த ஆழத்துல மறையுதுன்னு மாசாமாசம் நான்தானே பாக்குறேன்? நேத்து மறையவே மாட்டேன்னுடுச்சு.”

“அப்ப, ஏரி வருஷா வருஷம் கலங்குதுன்னு நாம எழுதின ரிப்போர்ட்டெல்லாம்?”

“ஏரி கலங்குச்சா, எனக்குப் புரை வளந்துச்சான்னு இப்ப யாரு சொல்றது?”

“இன்னொரு கண்ணு?”

“அடுத்த வாரம் ஆபரேஷன்.”

“ஐயோ, தள்ளிப் போடுங்க சார்! அந்தக் கண்ணாலயும் ஒரு தடவை தட்டைப் பாத்துடலாம்.”

காவிரிப் பாலம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் பண்ணிய கண்ணைப் பொத்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

“என்ன சார் தெரியுது?”

“போன வருஷத்துத் தண்ணி மேடம்.”