கோம்பையிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள்

அவைக்குத் தலைமையேற்று அணிசெய்யும் ஆசிரியர் ஜேசுராஜ் அவர்களே, வாசகசாலையை வளர்த்து வாழவைக்கும் பெரியோர்களே, வயல்வேலை முடித்த ஈரக்காலோடு வந்து வலப்புறம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ரைஸ்மில்லில் என்னோடு உமித்தூசி தின்னும் உழைப்பாளித் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் எஞ்சின் டிரைவர் சுருளியாண்டியின் தாழ்மையான வணக்கம்.

கோம்பையின் முதல் கம்பியில்லாத் தந்திக்காரனுக்குப் பாராட்டு என்று நோட்டீஸ் அடித்தீர்கள். ஒட்டிய பசை காய்வதற்குள் சீமையில் யுத்தம் மூண்டுவிட்டது. சொந்தமாகக் கம்பியில்லாத் தந்தி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. போன வாரம் போலீசார் வந்தார்கள். இரண்டு வருடமாக நான் திருகித் திருகிக் கட்டிய பெட்டியைச் சாக்கில் சுற்றினார்கள், முடிச்சுப் போட்டார்கள், முடிச்சின்மேல் அரக்கு வைத்தார்கள். லைசென்ஸ் தாளையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெட்டியிலிருந்து நான் ஒரு சொல்கூட அனுப்பியதில்லை. மாலையைப் போட்டுவிட்டீர்கள், வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நிற்கவே களைப்பாக இருக்கிறது.

என்ன கோட்டைச்சாமி அண்ணே, கேட்கவில்லையா? கடல் தாண்டிப் பேசப் போனவனுக்குக் கடைசி வரிசை எட்டவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், தொண்டையும் களைத்துவிட்டது.

அந்த லைசென்ஸ் எளிதில் வந்ததா? எடுத்தேன், கொடுத்தார்கள் என்று வந்ததா? சென்னைப் பட்டணம் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். மின்சாரத்தைப் பற்றி ஒரு தாள். அதற்குப் புத்தகம் இருந்தது. அடுத்தது காதுக்குப் பரீட்சை. பரீட்சை அதிகாரி தந்திச் சாவியை அழுத்துவார். குட்டைச் சத்தமும் நெட்டைச் சத்தமும் மாறி மாறி வரும். அதைக் கேட்டு இங்கிலீஷ் எழுத்தாக எழுத வேண்டும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல். காதுக்குப் புத்தகம் உண்டா? தினமும் ஒருவர் அழுத்த வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். எனக்கு யார் அழுத்துவார்கள்?

என் சம்சாரம் சங்கிலியம்மாள் அழுத்தினாள். ஐந்தாம் வகுப்பில் இருபத்தாறு எழுத்தும் படித்தவள். அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் அரைமணி நேரம், தினமும். வரி முழுவதையும் நான் பிடித்துவிட்டால், விரலால் மேசையில் ஒரு தட்டு, ஒரு இழுப்பு, ஒரு தட்டு. "கிடைத்தது" என்று அதற்குப் பொருள். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

பஸ்ஸில் தேனி, ரயிலில் மதுரை, அங்கிருந்து சென்னை. முதல் முறை தோற்றேன். மறு வருடமும் போனேன், மறுபடியும் தோற்றேன். வீட்டில் ஓடிய காது அங்கே ஏன் முடங்கியது? பட்டணத்து அதிகாரியின் கை நிற்கவே இல்லை, ஐயா! ஓர் எழுத்தை நான் தவறவிட்டால் அடுத்த ஆறு எழுத்து ஓடிவிடும். அப்போதுதான் புரிந்தது. வீட்டில் என் பென்சில் தயங்குகிற இடத்திலெல்லாம் இவள் கை தயங்கியிருக்கிறது. இரண்டு வருடமாக எனக்காக நிறுத்தி நிறுத்தி அடித்திருக்கிறாள். அது தெரியாமலே, நான் பெரிய காதுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்ததும் வராததுமாக அவள்மேல் பாய்ந்தேன். அவள் சொன்னாள்: "நீக தடுமாறுறதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க அடிக்க? கை தானா நின்னுருது."

மறுநாள் காலை எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்புறம் நிற்கவில்லை. ஈவு இல்லை, இரக்கம் இல்லை, இடைவெளி இல்லை. எட்டு மாதம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். மூன்றாம் முறை தேறினேன்.

கைதட்டாதீர்கள். இனிமேல் சொல்லப்போவது கைதட்டுக்கு உரியதல்ல.

தேறிய அன்று அதிகாரி என்னைப் பார்த்து, "உனக்கு யார் பழக்கினார்கள்?" என்று கேட்டார். ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும். சொன்னேனா? பெண்சாதியிடம் படித்தவன் என்று சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டு, "நானாகப் படித்தேன், சார்" என்றேன். வீடு வந்ததும் இவள் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு, "யாரு பழக்கிவிட்டதுன்னு கேட்டாகளா?" என்றாள். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெட்டி போனது வலிக்கிறது. தாள் போனது வலிக்கிறது. தூங்கவிடாமல் செய்வது அந்தப் பொய்தான், பெரியோர்களே. இத்தனை நாள் அதைச் சுமந்ததுதான் என் களைப்பு. இன்று எல்லோர் முன்னிலையிலும் இறக்கி வைக்கிறேன்: கேட்டார்கள், சங்கிலி. நான்தான் உன் பெயரைச் சொல்லவில்லை.

யுத்தம் ஒரு நாள் ஓயும். ஓய்ந்தால் உத்தரவும் ஓயும். அன்று மறுபடி பரீட்சை வைப்பார்களா? வைக்கட்டும். கோம்பையிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள் போகும். ஒன்று எனக்கு. ஒன்று சங்கிலியம்மாளுக்கு. விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டேன், ஆண்பிள்ளைதான் எழுத வேண்டும் என்று எங்கும் இல்லை. அவளுக்கு யார் அழுத்துவார்கள் என்று கேட்கிறீர்களா? நான் அழுத்துவேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுத்துவேன். நிறுத்த மாட்டேன்.

இந்த மாலை இப்போது தாய்மார்கள் பக்கம் போகிறது. முத்துப்பேச்சி, வாங்கி உன் பக்கத்தில் தலைகுனிந்து இருக்கிறவள் கையில் கொடு தாயி.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். அங்கே தாய்மார்கள் பக்கம், தண்ணீர்க் கூஜாமேல் மோதிரச் சத்தம் கேட்கிறது. ஒரு தட்டு... ஒரு இழுப்பு... ஒரு தட்டு.

கிடைத்துவிட்டதாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. நான் உட்காருகிறேன், வணக்கம்.