க்யூமின் உக்காந்த குஷன்

அந்தக் குஷனுக்காகத்தானே வந்தீங்க, அதுல என்ன ஆன்ட்டி கூச்சம்? உங்களுக்கு முன்னாடியே மூணு அம்மாங்க வந்து கேட்டாச்சு. முதல் மார்க் எடுத்தவன் உக்காந்த குஷனைத் தன் புள்ளைக்கு அடியில போட்டா அவனும் எடுத்துடுவானாம். கருமம். மூளை எந்தப் பக்கம் இருக்குன்னு நெனச்சுட்டு இருக்காங்களோ தெரியல. உக்காருங்க, தரேன். மிட்டாய் டப்பாவ அப்படி ஓரமா வைங்க. பார்லி டீ குடிப்பீங்கல்ல?

அம்மா வெளிய போயிருக்காங்க. நான் போராம், க்யூமினோட அக்கா. பாத்திருப்பீங்க, ஞாபகம் இருக்காது. இந்த வீட்ல புள்ளைன்னா அவன் ஒருத்தன்தான், நான் ஏதோ வாடகைக்கு இருக்கறவ மாதிரி.

அவனா? மலை மேல கோயில்ல தங்கிப் படிக்கறான்னு அம்மா சொன்னாங்களா? ம். எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றாங்க. இருங்க, அதுக்கு வரேன்.

இந்த வீட்ல பைபோலார்ங்கற அந்த மனநோய் யாருக்குத் தெரியுமா? எனக்குத்தான். எங்கம்மா கண்டுபிடிச்சது. மத்தியான டிவில ஒரு நிகழ்ச்சி பாத்தாங்க, போன்ல ஏதோ கேள்வி பதில் தட்டினாங்க, முடிவே பண்ணிட்டாங்க. விஷயம் என்னன்னா, மே மாசம் ஒருத்தன் என்னை விட்டுட்டுப் போயிட்டான். நேர்ல வந்து சொல்லக்கூட துப்பில்ல, பஸ் ஸ்டாப்ல நிக்கறேன், மெசேஜ் வருது. வீட்டுக்கு வந்து கதவைப் படார்னு சாத்தினேன். அழுதேன். ரெண்டு பாக்கெட் ராமென் நூடுல்ஸ் வேக வச்சுத் தின்னுட்டு மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். சாயங்காலம் தோழி ஒருத்தி போன்ல அவன மாதிரியே பேசிக் காட்டினா, விழுந்து விழுந்து சிரிச்சேன். நேத்து அழுதா, இன்னிக்கு சிரிக்கறா, இவளுக்கு அதுதான்னாங்க அம்மா. சோகமா இருந்தா இருபது வயசுப் பொண்ணு வேற என்ன செய்வா? வருஷம் முழுக்க ஒரே மூஞ்சிய வச்சுட்டு இருக்க நான் என்ன பாஸ்போர்ட் போட்டோவா?

கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனாங்க. மாஸ்க்கு, தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு. நம்ம ஏரியாவுல யாராவது பாத்துட்டா க்யூமினுக்குக் கெட்ட பேராம், அதனால தேகு ஊரோட அந்தக் கோடியில ஒரு டாக்டரம்மா. அவங்க பொறுமையா கேட்டாங்க. அழறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? எத்தனை நாள் இருந்துச்சு? தூக்கம் வருதா? காலேஜ் போறியா? நான் மெசேஜைக் காட்டினேன். படிச்சுட்டு, இவனுக்காகவா நீ அழுதேன்னு கேட்டாங்க. எனக்கு அந்தம்மாவ அப்பவே புடிச்சுப் போச்சு.

எங்கம்மாகிட்ட சொன்னாங்க, உங்க பொண்ணுக்கு வந்தது கோவமும் வருத்தமும், அதுக்குக் காரணம் இருக்கு, வந்துச்சு போயிடுச்சு. பைபோலாரோன்னு டாக்டரா நான் பயப்படறது வேற மாதிரி ஆளுங்களைப் பாத்து. நாள் கணக்கா, வாரக் கணக்கா ஒருத்தர் வேற ஆளாவே மாறி நிப்பாங்க. தூங்க மாட்டாங்க, ஆனா களைப்பே இருக்காது. பேச்ச நிறுத்த முடியாது. பெரிய பெரிய திட்டம் போடுவாங்க, கையில இருக்கறதை அள்ளி விடுவாங்க. அப்புறம் ஒரேயடியா விழுந்து, எந்திரிக்கவே முடியாம கெடப்பாங்க. அப்படி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கன்னாங்க.

எங்கம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? தூங்காம இருக்கறது வியாதியான்னு கேட்டுச் சிரிச்சாங்க. என் பையன் வாரக்கணக்கா ராத்திரி கண்ணே மூடறதில்ல டாக்டர், கொஞ்சமும் களைப்பே இல்ல, அது அவனுக்குக் கடவுள் குடுத்ததுன்னாங்க. பெருமையா. டாக்டரம்மா பேனாவ மேசைல வச்சுட்டு, நாளைக்கே அவனக் கூட்டிட்டு வாங்கன்னாங்க. அவனுக்கு ஏது நேரம், மாதிரிப் பரீட்சை வருதுன்னு எங்கம்மா எந்திரிச்சுட்டாங்க. 

அவன் அப்ப எப்படி இருந்தான்னா, விடியறதுக்கு முன்னாடி அடுப்படியில அம்மாவ நிக்க வச்சு பிசிக்ஸ் நடத்துவான். பாடப்புத்தகமே தப்பாம், இவன் புதுசா எழுதப் போறானாம். பாதிப் பேச்சுல அடுத்த பேச்சுக்குத் தாவிடுவான், நடுவுல நாம மூச்சு விடணும், அவன் விடமாட்டான். அப்பா கார்டுல கிளாஸ் முழுக்க ஆளுக்கு ஒரு டேபிள் லேம்ப் வாங்கிக் குடுத்தான். அப்பா திட்டினாரான்னு கேக்கறீங்களா? என் புள்ளைக்கு எவ்ளோ பெரிய மனசுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டுத் திரிஞ்சார்.

அப்புறம் அந்த மாதிரிப் பரீட்சையில முதல் மார்க். அவன் படிச்ச டியூஷன் சென்டரோட டைரக்டர், சீ, அந்தாளு பேரச் சொன்னாலே வாய் கொப்பளிக்கணும் எனக்கு. இவன் போட்டோவ வாசல்ல ஒட்டி, அம்மாங்களையெல்லாம் கூப்ட்டு அவங்க முன்னாடி இவனப் பேச வச்சாரு. மைக்கக் கீழ வைக்கல இவன். வேர்த்து ஊத்துது, கண்ணு பளபளன்னு இருக்கு. தூக்கம்னா அது மூளை இல்லாதவனுக்குன்னான். எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு அம்மாவுக்காவது, இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிருக்குன்னு தோணல. நீங்க மொதல் வரிசையில உக்காந்து போன்ல எடுத்துட்டு இருந்தீங்க ஆன்ட்டி. நான் பின்னாடி கதவுகிட்ட நின்னேன். உங்க தலை நல்லா தெரிஞ்சுது.

கோவிச்சுக்காதீங்க. டீ ஆறுது, குடிங்க.

ஜூலைல விழுந்தான். ஏன்னு காரணமெல்லாம் இல்ல, யாரும் எதுவும் சொல்லல, சண்டை இல்ல. படுத்தவன் எந்திரிக்கல. தலைக்குத் தண்ணி ஊத்திக்கல, சோத்துத் தட்ட அறை வாசல்லயே வச்சு வச்சு எடுத்தோம். அவனுக்கு உயிரான சோறு, கிம்ச்சி ஊறுகா போட்டு வதக்கினது, அதையே மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குவான். பெரிய மனசுன்னு சொன்ன அதே அப்பா, சோம்பேறின்னு கத்தினார். டைரக்டர் போட்டோவ எடுத்துட்டு வேற பையனை ஒட்டிட்டார், ஒட்டின பசைகூட காயல. அம்மா முகத்துல தண்ணி அடிச்சுப் பாத்தாங்க. கதவச் சாத்தினதுக்கு என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க, அவன் கதவே திறக்காமக் கெடந்தப்ப திட்டினாங்க. எப்படி இருக்கு பாருங்க இவங்க கணக்கு.

இல்ல, கோயில்ல இல்ல. ஆஸ்பத்திரில இருக்கான், பூட்டு போட்ட வார்டுல. செப்டம்பர்ல நம்ம பில்டிங் மொட்டை மாடிலேர்ந்து வாட்ச்மேன்தான் அவனக் கையப் புடிச்சுக் கீழ கூட்டிட்டு வந்தார். இப்ப மருந்து சாப்பிடறான், தூங்கறான். நேத்து அந்தக் கிம்ச்சி சோறு கேட்டானாம், அத எடுத்துட்டுத்தான் அம்மா போயிருக்காங்க. நவம்பர்ல வர்ற காலேஜ் நுழைவுப் பரீட்சை அவனுக்கு இல்ல. அம்மா கோயிலையே சொல்லிட்டு இருக்காங்க. சொல்லட்டும்.

இதோ குஷன். நடுவுல கிழிஞ்சிருக்கு பாருங்க, அவன் உக்காந்த இடத்துல உக்காரவே மாட்டான் அப்ப, துடிச்சுட்டே இருப்பான், அதுல கிழிஞ்சது. மத்த மூணு பேரையும் வாசல்லயே அனுப்பிட்டேன். உங்கள மட்டும் ஏன் உள்ள கூப்ட்டு உக்கார வச்சேன்னு தெரியுமா?

ஷூ கழட்டும்போது உங்க பையனைப் பத்திச் சொன்னீங்களே. எங்க ஹேசங் இந்த வாரம் பூரா தூங்கவே இல்ல, ஆனா முகத்துல களையப் பாரேன், என்னமோ புதுசா கண்டுபிடிச்சிருக்கேன்னு பேசிட்டே இருக்கான்னு. காபி குடிச்சுக் கண்ணு முழிச்சவன் மறுநாள் பஸ்ல தூங்கி விழுவான் ஆன்ட்டி. ஹேசங் விழலன்னு நீங்கதான் சொல்றீங்க. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியும்.

ஏன் சிரிக்கறீங்க? எங்கம்மாவும் அந்த டாக்டரம்மா முன்னாடி உக்காந்து இப்படியேதான் சிரிச்சாங்க.

குஷனைக் கீழ வைங்க. ஷூ போடுங்க, நானும் வரேன். ஹேசங் இப்ப வீட்ல தனியாவா இருக்கான்?