பள்ளத்திலிருந்து அவன் ஏறி வந்த விதம்

திரை விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் இளவழகன் அவர்களே, முழங்கால் வலியோடு வந்தும் முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையர்களே, வணக்கம்!

ஐம்பது ஆண்டுக்கு முன் இதே மைதானத்து மணலில் என்னோடு படம் பார்த்தவர்களையும் அழைக்கிறேன். பாயில் பாதியை எனக்குத் தந்த ஜான் பீவி அவர்களே! வேர்க்கடலையை ஒருவருக்கும் தராத கஸ்தூரியம்மாள் அவர்களே! தூங்கித் தூங்கி விழுந்துவிட்டு, படம் பிரமாதம் என்ற செல்லக்கிளி அவர்களே! படப்பெட்டியைச் சைக்கிளில் கட்டி வந்த ஆபரேட்டர் அப்துல் கபார் அவர்களே! மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் காலைத் தரையில் ஊன்ற மறுத்து என் மடியில் கிடந்த ஏழு வயது மகள் செவ்வந்தியே! உங்களில் சிலர் இன்று மண்ணின்மேல் இருக்கிறீர்கள். சிலர் மண்ணுக்குள் இருக்கிறீர்கள். உட்கார்ந்த வரிசைகூட எனக்கு மறக்கவில்லை.

இன்று அதே சாகசப் படம் ஓடப்போகிறது. மேடை ஏறும்போது பிள்ளைகள் என்னிடம் சொன்னார்கள். "ஒரே லாஜிக் ஓட்டை ஆயா! மலையிலேர்ந்து வுழறான், அடுத்த சீன்ல குதிரையில போறான். சட்டைகூட கசங்கல!"

கண்ணுகளா, அந்த ஓட்டையை உங்கள் அப்பன்மார் பிறக்குமுன்பே பார்த்தவள் நான். பார்த்தவள் மட்டுமா? அதற்குள் குடியிருந்தவள்!

செவ்வந்தி காடாம்புலியூரில் பலா மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவள். எலும்பு கூடியது, அச்சம் ஆறவில்லை. ஊன்றினால் மறுபடி முறியும் என்று என் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டாள். மழைக்காலத்துக்குள் நடக்காவிட்டால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய்மார்களே, அந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கியிருக்குமா?

கபாருக்கு ஒரு பழக்கம் உண்டு. படச்சுருள் அறுந்தால் ஒட்டுவார். மறுபடி ஓட்டுவதற்கு முன், அறுந்து போன துண்டில் நடந்ததை வாயாலேயே சொல்லிவிடுவார். ஆகவே அன்று நாயகன் பள்ளத்தில் விழுந்து, மறுநொடி குதிரையில் வந்ததும், அறுந்துவிட்டது என்றுதான் மைதானமே நினைத்தது. சுருள் மாற்ற விளக்குப் போட்டார்கள்.

"கபார் மாமா! அறுந்து போனதச் சொல்லு! எப்பிடி ஏறி வந்தான்?" என்று கத்தினாள் என் மகள்.

எதுவும் அறுந்திருக்கவில்லை. அவர் சுருளைப் பார்த்தார். பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"அறுந்துதான் போச்சும்மா. வுழுந்ததுல அவனுக்குக் கால் ஒடிஞ்சிபோச்சி. கட்டுப் பிரிச்சதும் பாறையப் புடிச்சிக்கினு மொத நாளு ஓரடி. மறுநாளு ரெண்டடி. நாப்பது நாளு கழிச்சிதான் குதிரை."

"சட்டை?"

"நாப்பது நாளு இருக்குதே, தொவைக்க மாட்டானா?"

சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். மறுநாள் காலை செவ்வந்தி சுவரைப் பிடித்து ஓரடி வைத்தபோது நான் சிரிக்கவில்லை.

ஓரடி இரண்டடியாயிற்று, ஒன்பதடியாயிற்று. அப்போது வந்தார் ஒருவர். பிள்ளைக்குத் தாய்மாமன், எனக்கு அண்ணன். மைதானத்தில் படம் ஓடிய அன்று அவருக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட். அதனால் வடலூர்க் கொட்டகையில் அதே படத்தைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"கபாரு கத வுட்டிருக்கான் புள்ள. புதுப் பெட்டி, முழுப் படம், கண்ணு சிமிட்டாம பாத்தேன். அப்பிடி ஒரு துண்டே கெடையாது."

பொய்யா சொன்னார்? இல்லை, முழு உண்மை! ஒன்பதடி நடந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் கால் தரைக்கு வரவில்லை. பதினோரு நாள்!

பன்னிரண்டாம் நாள் பாயில் பிள்ளை இல்லை. பதறி ஓடினேன். நான்கு குவார்ட்டர்ஸ் தள்ளி, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து, மாமன் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நிற்கிறாள்.

"மாமா, நீ பீடி வாங்க வெளிய போயிருப்ப. அப்பதான் அந்தத் துண்டு ஓடியிருக்கும்!"

 

அன்பர்களே! திரை வெறும் வேட்டி என்று எங்களுக்குத் தெரியாதா? நடுவில் தையல் தெரிந்ததே! தெரிந்தும் அழுதோம். தெரிந்தும் கை தட்டினோம். ஏமாந்தா போனோம்? இல்லை! படம் எடுத்தவன் விட்ட பள்ளத்தில் நாங்கள் படிக்கட்டு வெட்டினோம்! பிள்ளைகளே, ஓட்டையைக் கண்டுபிடியுங்கள், கேலி பேசுங்கள், தப்பில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அடியெடுத்து வைக்கும்போது மட்டும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளுங்கள்!

என்ன? "அவர வுட்டுடு ஆயா" என்கிறதா பின்வரிசை? அண்ணன் கொலுசு வாங்கி வந்தார், மகள் மன்னித்துவிட்டாள். அது அவள் கால், அவள் மன்னிப்பு. அந்தப் பதினோரு நாள் என்னுடையது.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. வந்தவர்க்கும் வராதவர்க்கும், வாழ்கிறவர்க்கும் மறைந்தவர்க்கும் என் வணக்கம். என் கூடப்பிறந்த சக்கரபாணி ஒருவரைத் தவிர.