வேணு மாட்டிய பெரிய எஞ்சின்

கோழிக்குழம்பு நான் சுமாராகத்தான் வைப்பேன், சார். என் மகன் வேணுவுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து இறங்கிவிடுவான்.

முன்பெல்லாம் அப்படியில்லை. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபின் பண்டிகைக்குத்தான் எங்கள் ஊர் குடிபாலா பக்கம் தலைகாட்டுவான். திருப்பதியில் ஒரு பஸ், சித்தூரில் ஒரு பஸ் மாறி வருவதற்குள் இடுப்பு விட்டுப்போகிறதாம். அவன் அம்மா போனபிறகு வீட்டில் நானும் என் பழைய பெட்ரோல் ஜீப்பும்தான். மாங்காய் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் ஆடுகள் அதை முந்திக்கொண்டு போகும். பெரிய டீசல் எஞ்சின் மாட்டலாம் என்று வேணுவே சொன்னான். வேலூரில் ஒரு வேன் எஞ்சினைப் பிடித்தான். அன்று முதல் வாரம் தவறாமல் வந்தான்.

கெட்டிக்காரன். சீக்கிரமே முடித்துவிடுவான் போலிருந்தது. முடிந்துவிட்டால் எதற்கு வருவான்? அதனால் அவன் முடுக்கிவிட்டுப் போனதை நான் வாரநடுவில் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். கிளட்ச் தட்டை அரிசி மூட்டைக்குள் போட்டேன்.

"இங்கதான நைனா வெச்சிட்டு போனேன்?"

"எலி இழுத்துக்கினு போயிருக்கும்டா."

"அவ்ளோ கனத்தயா?"

"நம்மூட்டு எலி தெரியாதா உனக்கு?"

சிரித்துவிட்டு வேறு தட்டு வாங்கிவந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பிறகு சத்தியவேடு தேவயானியோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்குள் எஞ்சினை ஏற்றிவிட வேண்டும் என்று புளியமரக் கிளையில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கட்டித் தூக்கினான். கொக்கியிலிருந்த நல்ல போல்டைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த ஒன்றை நான் காலையிலேயே போட்டுவைத்திருந்தேன். விழுந்தால் எஞ்சின் உடையும், வேறு தேட வேண்டும், அதுவரை வருவான். அவ்வளவுதான் நான் நினைத்தது.

முன்பக்கம் கழற்றிய ஜீப்புக்குள் ஒரு காலை வைத்து நின்று, தொங்கிய எஞ்சினை உள்ளே இழுத்தான்.

"இது ஓடிச்சின்னா பஸ்ஸே வேணாம் நைனா. தேவயானிய இட்டுக்கினு வாராவாரம் வந்துடுவேன். அதுக்குத்தான இவ்ளோ பாடு."

காலை எடுடா என்று சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் போல்ட் விட்டுவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று. பெண்வீட்டார் மரியாதையாகத்தான் வந்து, கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது வேணு வீட்டோடுதான் இருக்கிறான். தினமும் குழம்பு வைக்கிறேன், முன்போல் அவன் சாப்பிடுவதில்லை. நேற்று அரிசி தீர்ந்து அவன் மூட்டையை உதறியபோது கிளட்ச் தட்டு அவன் மடியில் விழுந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் செய்து உங்களைத்தான் கூப்பிட்டானாம்.

ஆமாம் சார், போல்டை மாற்றியது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போங்கள், வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மட்டும் விட்டுவிடுங்கள். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.