யாருடைய அட்டை

எந்தப் படத்துக்கும் ஐந்து வரிக்கு மேல் தேவையில்லை என்பது என் கட்சி. நீங்கள் கொடுத்திருக்கும் இருபது தாள் எனக்கு ரொம்ப அதிகம், இன்ஸ்பெக்டர் மேடம். ஆனாலும் விவரமாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். டீக்கு நன்றி. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

வடகரையில் எங்கள் பிலிம் சொசைட்டி மாதம் இரண்டு ஞாயிறு காலையில், வாசகசாலை மாடியில் படம் போடும். பேய்ப் படம், சண்டைப் படம், ஈரான், ஜப்பான் என்று பேதமில்லை. படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு வெள்ளை அட்டை. பத்து நிமிடத்தில் ஐந்து வரி எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பெயர் போடக்கூடாது. செயலாளர் குஞ்ஞம்மது ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். கைதட்டல் விழுந்த அட்டைக்கு மட்டும், "ஆருது இது?" என்று கேட்பார். எழுதியவர் கையைத் தூக்குவார். அடுத்தவர் அட்டைக்குக் கை தூக்கியவர் எங்கள் சொசைட்டியில் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவர்கள்கூட அதில் யோக்கியர்கள்.

பதினான்கு வருடம் அந்த ஹாலில் அதிகம் தூக்கப்பட்ட கை என்னுடையது. டுட்டோரியல் காலேஜில் மொழிப்பாடம் எடுத்த வாத்தியார், ஊருக்கு மாஷ், வார்த்தைக்குப் பஞ்சமில்லை. 'டைரக்டர் இந்தப் படத்தை எடுத்த நேரத்தில் நான்கு தென்னை வைத்திருந்தால் இப்போது இளநீராவது கிடைத்திருக்கும்' என்று ஒரு முறை எழுதினேன். ஹாலே அதிர்ந்தது. "சுகதன் மாஷ் நாக்குல விஷத்தை வச்சிருக்காரப்பா" என்றார் குஞ்ஞம்மது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவி ஹைமவதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும், வீட்டில் சும்மா இருப்பானேன் என்று நான்தான் அவளை அழைத்துப்போனேன். அன்று பேய்ப் படம். மூன்றாவதாக வாசித்த அட்டை இது:

'பேய் வந்தபோது எனக்குப் பயமே இல்லை. அது போன பிறகு, வீட்டுக்காரி சாப்பாடு எடுத்து வைக்கிறாள். இரண்டு தட்டு போதுமா, மூன்று வேண்டுமா என்று தெரியாமல் நிற்கிறாள். அப்போது கை சில்லிட்டுவிட்டது. வீட்டுக்குப் போய் நான் எத்தனை தட்டு வைப்பேன் என்று தெரியவில்லை.'

கைதட்டல் நிற்கவே இல்லை. பக்கத்தில் ஒரு கை தயங்கித் தயங்கி மேலே போனது. திரும்பிப் பார்த்தால் ஹைமவதி. நானும் தட்டினேன். என்ன இருந்தாலும் என் மனைவி அல்லவா.

அடுத்த மாதம் நகைச்சுவைப் படம். 'மூன்று முறை சிரித்தேன், மூன்றாவது முறை சிரித்தது நான் மட்டும்தான், வெட்கமாகப் போய்விட்டது' என்று ஆரம்பித்தாள். அதற்கும் கைதட்டல். அடுத்ததற்கும். நான் எழுதும் வரிகளுக்குச் சிரித்தார்கள். அவளுடைய வரிகளுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை அகப்படவில்லை. இரண்டு வருடத்தில் ஜனங்கள் என்னை "ஹைமேச்சியோட மாப்பிள்ளை" என்று அடையாளம் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கண்ணில் அழுத்த நோய் இருப்பது தெரிந்தது. டாக்டர் நல்ல மனிதர். "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு. காலைல ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. ஒழுங்கா போட்டா சேச்சி சாகுற வரைக்கும் சினிமா பாக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஹைமவதிக்குக் கை நடுங்கும், சொட்டு கன்னத்தில் விழுந்துவிடும். அதனால் போட்டுவிடும் வேலை என்னுடையது. முதல் நான்கு மாதம் சரியான மருந்தைத்தான் போட்டேன். அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு போர்ப் படம் வந்தது. சிப்பாய் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். நான் குண்டுவெடிப்பைக் கிண்டல் செய்து எழுதினேன். அவள், 'அவன் எழுதுவது செத்தவனின் பையிலிருந்து எடுத்த பேனாவால். என்ன அழகான கையெழுத்து' என்று எழுதியிருந்தாள். அந்தப் பேனாவை நான் கவனிக்கவே இல்லை. ஹாலில் இருந்த நாற்பது பேரும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் மருந்தைக் கொட்டிவிட்டு, கண் வறட்சிக்குப் போடுகிற சாதாரணச் சொட்டை அதே புட்டியில் நிரப்பினேன். கோபத்தில் செய்ததல்ல. இவள் இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

"இப்பல்லாம் எரியவே மாட்டேங்குதே ஏட்டா" என்றாள் மறுநாள்.

"பழகிப்போச்சு ஹைமே."

"அதுவும் சரிதான். கல்யாணம் மாதிரி" என்று சிரித்தாள்.

ஒரு நாள்கூடத் தவறவில்லை, மேடம். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்துபோய்ப் போட்டேன். டாக்டர் கேட்கும்போது, "ஒரு நாளும் விட்டதில்லை" என்று நான் சொன்னதில் பொய் கிடையாது. அழுத்தம் ஏறுகிறது என்று அவர் மருந்தை மாற்றினார். புதியதை வாங்கினேன், அதையும் கொட்டினேன். ஆபரேஷன் பற்றி அவர் பேசிய அன்று ஹைமவதி வெளியே உட்கார்ந்திருந்தாள். "அவளுக்கு ரொம்பப் பயம் டாக்டர், நான் பேசிப் பாக்குறேன்" என்று சொல்லி வந்துவிட்டேன். அவளிடம் பேசவில்லை.

ஓரத்திலிருந்து போகும் பார்வை அது. முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு தட்டில் மீன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஆறாவது வருடம் திரையில் வெளிச்சம் அசைவது மட்டும் தெரிந்தது. "சொசைட்டில யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாவம்னு சொல்லிக் கைதட்டுவாங்க. அது வேண்டாம்" என்றாள். நான் சொல்லவில்லை. ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகப் படத்தைச் சொல்லிக்கொடுத்தேன். கோணல் மாணலாக அட்டையை அவளே எழுதினாள்.

இனி அவள் அட்டை என் கண்ணிலிருந்துதானே வரும் என்று நிம்மதியாக இருந்தேன். நடந்தது வேறு. வறட்சியாக, கஞ்சத்தனமாகத்தான் சொல்லுவேன். கிழவன் வருகிறான், டீ குடிக்கிறான், போகிறான். அந்த மூன்றை வைத்துக்கொண்டு, 'டீ ஆறும்வரை அவன் காத்திருந்தான், அவசரம் இல்லாதவர்களுக்குத்தான் வாய் சுடுவதில்லை' என்று எழுதினாள். கைதட்டல். என் அட்டையைக் குஞ்ஞம்மது வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். என் கண்ணை வாங்கிக்கொண்டும் என்னைவிட நன்றாகப் பார்த்தாள். அது எனக்குத் தாங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமில்லை.

போன மாதம் ஒரு மலைநாட்டுப் படம். பேச்சே கிடையாது. கடைசியில் நாயகன் கதவை உள்ளே தாழிட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான். நான் அவள் காதில், "கதவைத் திறந்து போட்டுட்டு வெளிய போறான்" என்றேன்.

திறந்த கதவைப் பற்றி அழகாக எழுதியிருந்தாள். குஞ்ஞம்மது பாதியில் நிறுத்தினார். "இது எந்தப் படத்துக்கு எழுதினது? பக்கத்துத் தெருவுல ஓடுறதுக்கா?" பின்வரிசையில் ஒருவர், "தூங்கிட்டு எழுதினா கதவு தானா தொறக்கும்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

ஹைமவதி என் பக்கம் திரும்பி, "ஏட்டா, கதவு திறந்துதுன்னுதானே சொன்னீங்க?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே ஹைமே. நீதானே பாத்து எழுதினே" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவளுக்குப் பார்வை இல்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்கு வேறு ஏதோ புரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் முடி வெட்டப் போயிருந்த நேரம், குஞ்ஞம்மதுவின் மனைவி நபீசாவோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போயிருக்கிறாள், புட்டியையும் எடுத்துக்கொண்டு. டாக்டர் தன்னிடமிருந்த மருந்தை ஒரு சொட்டு விட்டிருக்கிறார். "எரியுது" என்றாளாம். "எரியத்தானே சேச்சி செய்யும்" என்றாராம். அப்புறம் அவள் புட்டியை நீட்டி, இது ஏன் எரிவதில்லை என்று கேட்டதை நபீசா உங்களிடம் சொல்லியிருப்பாள். அப்போது எனக்கு இது ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலமும் வழக்கம்போல் முகத்தைச் சாய்த்துக் கொடுத்தாள். நானும் சொட்டு விட்டேன்.

நேற்று ஞாயிறு. படத்துக்கு முன்பே ஒரு அட்டை வாசிக்கப் போவதாகக் குஞ்ஞம்மது சொன்னார். நபீசாவின் கையெழுத்தில் இருந்தது.

'குடும்பப் படம். நாயகன் தினமும் இரண்டு வேளை நாயகியின் முகத்தைக் கையில் ஏந்துகிறான். அவள் அதை அன்பென்று நினைத்துத் தலையைச் சாய்த்துக் கொடுக்கிறாள். ஏழு வருடம் இதே காட்சிதான். எனக்கு அலுக்கவே இல்லை.'

யாரும் கைதட்டவில்லை. நபீசா அழுதாள். ஹைமவதி திரையைப் பார்த்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள். கைதட்டல் விழாவிட்டாலும் வழக்கம் விடுமா, குஞ்ஞம்மது கேட்டுவிட்டார். "ஆருது இது?"

நான் கையைத் தூக்கினேன்.

குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், மருந்தை மாற்றியது நான்தான், தெரிந்தேதான் செய்தேன், ஏழு வருடமும். ஆனால் கை தூக்கியதற்குக் காரணம் அதுவல்ல, மேடம். அந்த ஹாலில் இதுவரை வாசித்ததில் மிகச் சிறந்த அட்டை அது. அதில் பாதி உழைப்பு என்னுடையது.